மூக்கில் நிற்காத ரத்தம்: குழாயை அடைப்பதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அப்பாவுக்கு 64 வயது. ரத்த அழுத்தம் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். 4 நாளாக மூக்கில் ரத்தம். ரத்தத்தை நிறுத்த மூக்குக்குள் திணிக்கும் அடைப்பை, அதாவது பேக்கை, இரண்டு முறை வைத்தும், எடுத்தவுடன் மறுபடி கொட்டுகிறது. இப்போது இ.என்.டி. டாக்டர், தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக் குழாயை அடைத்துவிடலாம் என்கிறார். “மூக்குக்குப் போகும் ரத்தத்தையே அடைத்தால் மூக்கு அழுகிவிடாதா, மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா, அதற்கு ஆபரேஷனே மேல் இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எந்தக் குழாயை அடைக்கலாம், எதைத் தொடவே கூடாது, அது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியுமா? அதிலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு வேலை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என் துறை. உங்கள் அப்பாவுக்குச் செய்யலாம் என்று சொன்ன எம்போலைசேஷன், அதாவது ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைப்பது, என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகவே இந்தச் சிகிச்சைமேல் எனக்கு ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அவருடைய ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை. அதனால் “செய்யுங்கள்” என்றோ “வேண்டாம்” என்றோ என்னால் சொல்ல முடியாது. டாக்டரிடம் எதைப் பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

சில்லுமூக்கு உடைவது பெரும்பாலும் பெரிய விஷயமே இல்லை. 10-ல் 9 பேருக்கு ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரில், விரல் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு மெல்லிய குழாய்ப் பின்னலிலிருந்து. தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இறுக்கிப் பிடித்து, நடுவில் விட்டு விட்டுப் பார்க்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு வருவது அந்த ரகமாகத் தெரியவில்லை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து வரும் ரத்தம் வேறு மாதிரி. அங்கே இருப்பது கொஞ்சம் பெரிய தமனி. கைக்கும் எட்டாது, சாதாரண விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. ரத்தம் முன்னால் வழிவதைவிடத் தொண்டைக்குள் இறங்கும். நோயாளி விழுங்கிக்கொண்டே இருப்பார், அப்புறம் கறுப்பாக வாந்தி எடுப்பார். வயதானவர்களுக்கும், குழாய்ச் சுவர் தடித்துப்போனவர்களுக்கும் இது அதிகம் வரும்.

பின்பக்கம் வைக்கும் பேக் சாதாரண விஷயமல்ல. அது வலிக்கும், தூங்க விடாது, மூச்சை வாய்க்குத் தள்ளிவிடும். இதய நோயாளிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். பல நாள் வைத்தால் தொற்று வரலாம். எல்லாவற்றையும்விட, மூக்கின் உள்தோலை அது தானே உரசிப் புண்ணாக்கும்; எடுக்கும்போது அந்தப் புண்ணே ரத்தம் விடும். ஆகவே இரண்டு முறை தோற்ற பிறகு மூன்றாவது முறையும் அதையே வைத்துப் பார்ப்போம் என்று சொல்லாமல், உங்கள் டாக்டர் அடுத்த படிக்குப் போகிறாரே, அது சரியான யோசனை. 2020-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பேக்கிலும் சுடுவதிலும் அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் ரத்தத்துக்குத் தமனியைக் கட்டும் அறுவை சிகிச்சையையோ எம்போலைசேஷனையோ பரிசீலிக்க வேண்டும்.

இனி நீங்கள் பயப்படும் விஷயம். மூக்குக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. கழுத்தில் ஏறும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கரோட்டிட் முகம், தாடை, நாக்கு, உச்சந்தலை எல்லாவற்றுக்கும் போகிறது. உட்கரோட்டிட் மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. மூக்கின் பின்பக்கத்துக்கு ரத்தம் தரும் முக்கியமான தமனி ஸ்பீனோபாலடைன். அது வெளிக்கரோட்டிடின் கிளையான மேக்ஸிலரி தமனியின் கடைசி முனை. மூக்கின் மேற்கூரைக்குப் போகும் எத்மாய்டு தமனிகளோ கண்ணுக்குப் போகும் ஆஃப்தால்மிக் தமனியிலிருந்து பிரிபவை, அதாவது உட்கரோட்டிட் குடும்பம். நாங்கள் அடைப்பது முதல் குடும்பத்தை. இரண்டாவதை அடைக்க முயல்வதில்லை. ஏனென்றால் அதே தமனியிலிருந்துதான் விழித்திரைக்குக் குழாய் போகிறது. அங்கே ஒரு துகள் தப்பினாலும் பார்வை போய்விடலாம்.

மூக்கு அழுகாமல் இருப்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஒரு தெருவை மறித்தால் வண்டிகள் பக்கத்துச் சந்துகளில் புகுந்து போவதுபோல, மறுபக்கத் தமனி, உதட்டிலிருந்து வரும் கிளை, அண்ணத்திலிருந்து வரும் கிளை, மேலிருந்து எத்மாய்டு என்று நாலா பக்கமிருந்தும் மூக்குக்கு ரத்தம் வந்துசேரும். நாங்கள் செய்வது புண் இருக்கும் இடத்தில் ரத்தத்தின் அழுத்தத்தைக் குறைப்பது. சில நாட்கள் அந்த அழுத்தம் குறைந்திருந்தால் போதும், ரத்தம் உறைந்து புண் ஆறிவிடும். தோலோ மூக்கின் உட்சுவரோ கறுத்துப்போவது நடக்காதது இல்லை, ஆனால் அரிது. இரண்டு பக்கமும் மேக்ஸிலரியோடு முகத்தமனிகளையும் சேர்த்து அடைக்கும்போதும், மிகச் சிறிய துகள்களைப் போடும்போதும்தான் அந்த ஆபத்து கூடுகிறது.

ஆஞ்சியோ அறையில் என்ன நடக்கும் என்று சொன்னால் பயம் கொஞ்சம் குறையும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் பேனா ரீஃபில் தடிமனுக்கும் குறைவான ஒரு குழாயை வைப்பார்கள். தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருப்பவருக்கும், அசையாமல் படுக்க முடியாதவருக்கும் முழு மயக்கம் கொடுப்பது பாதுகாப்பு. மற்றவர்களுக்கு லேசான மயக்கம் போதும். எக்ஸ்ரே பார்த்தபடி கதீட்டரைக் கழுத்துவரை ஏற்றி, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை விட்டுப் படம் எடுப்பார்கள். சாயம் போகும்போது முகத்தில் சட்டென்று ஒரு சூடு பரவும். விழித்திருக்கும் நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதறி அசைய மாட்டார். முதல் படம் எடுப்பது எப்போதும் மூளைக்குப் போகும் குழாயில். அதை அடைக்கப்போவதில்லை என்றாலும், அதில் வீக்கம் எதுவும் இல்லையா, கண்ணுக்குப் போகும் தமனி அதற்குரிய இடத்திலிருந்துதான் புறப்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். சிலருக்குக் கண்ணின் தமனி உட்கரோட்டிடிலிருந்து வராமல், மூளையுறைக்குப் போகும் நடு மெனிஞ்சியல் தமனியிலிருந்து வரும். அந்த மெனிஞ்சியல் தமனியோ, நாங்கள் நுழையப்போகும் மேக்ஸிலரியின் தொடக்கத்தில், தாடை மூட்டுக்குப் பின்னால் பிரிவது. இது தெரியாமல் மேக்ஸிலரியின் தொடக்கத்திலேயே நின்று துகளை விட்டால் நேராகக் கண்ணுக்குப் போகும். அதனால்தான் கதீட்டருக்குள் இன்னொரு மெல்லிய மைக்ரோகதீட்டரை விட்டு, மெனிஞ்சியல் கிளையைத் தாண்டி, மூக்குக்கு அருகில் அதன் முனை நின்ற பிறகு மறுபடி சாயம் விட்டுப் பார்ப்போம். விழிக்கோளத்தின் பின்சுவர் ஒரு மெல்லிய பிறை மாதிரி படத்தில் தெரிந்தால், கண்ணுக்கு ஏதோ ஒரு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது துகள் போடக் கூடாது. இடத்தை மாற்ற வேண்டும், இல்லையேல் வேலையை நிறுத்த வேண்டும். நல்ல மருத்துவர் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து “இது சரிப்படாது, ஆபரேஷன்தான்” என்று சொன்னால் அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள்.

பாதை பாதுகாப்பானது என்று தெரிந்ததும், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளின் நுண்துகள்களைச் சாயத்தில் கலந்து சிறிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுவோம். பொதுவாக 150 முதல் 500 மைக்ரான்வரை, அதாவது அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாத அளவு. கண்ணோடும் மூளையோடும் இணைக்கும் நுண்குழாய்கள் இன்னும் மெல்லியவை. 150-க்கும் கீழே போனால் துகள் அந்த வழியில் நுழைந்துவிடலாம், முக நரம்புக்கு ரத்தம் தரும் குழாய்களையும் அடைக்கலாம். ரத்த ஓட்டம் மந்தமானதும் கையை எடுத்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்” என்று அழுத்தினால் துகள் எதிர்த்துத் திரும்பி வேறு கிளைக்குள் போகும். மூக்கு ரத்தத்துக்கு இந்த முறையை 1974-ல் சோகோலோஃப் குழுவினர் முதலில் விவரித்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் மைக்ரோகதீட்டரும் படத்தின் துல்லியமும்தான்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று: ரத்தம் கசியும் இடம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. மூக்கில் பேக் இருக்கிறது, ரத்தம் விட்டு விட்டு வருகிறது. சாயம் வெளியே ஒழுகும் காட்சி அபூர்வம். “எங்கே ஒழுகுகிறது என்றே தெரியவில்லை, பிறகு எதை அடைத்தார்கள்?” என்று குடும்பத்தினர் கோபப்படுவதுண்டு. நாங்கள் அடைப்பது அந்தப் பகுதிக்கு ரத்தம் தரும் முக்கியமான தமனியை. நடுச்சுவரின் குறுக்கே இரு பக்கக் கிளைகளும் கைகோத்திருப்பதால், இடது மூக்கில் ரத்தம் வந்தாலும் இரண்டு பக்கமும் ஸ்பீனோபாலடைனை அடைப்பது பரவலான வழக்கம். ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. உலோகச் சுருளான காயில் மட்டும் போட்டு முடிப்பதை நான் விரும்புவதில்லை. அது குழாயின் மேற்பகுதியை மூடிவிடும். அதற்குக் கீழே பக்கக் கிளைகள் ரத்தத்தைக் கொண்டுவரும். மறுபடி ரத்தம் வந்தால் உள்ளே போக வழியும் இருக்காது.

எவ்வளவு பலன், எவ்வளவு ஆபத்து? வெளியான தொகுப்புகளில் பெரும்பாலானவை 10-ல் 8 முதல் 9 பேருக்கு ரத்தம் நிற்பதாகச் சொல்கின்றன. மீதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ, மறுபடி வரலாம். தாடையிலும் கன்னத்திலும் வலி, வாய் திறப்பதில் இறுக்கம், தலைவலி, முகத்தில் மரத்த உணர்வு, தொடையில் ரத்தக்கட்டு போன்ற சிறு தொல்லைகள் அவ்வளவு அபூர்வமல்ல. பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். பக்கவாதம், பார்வை இழப்பு, முக நரம்புச் செயலிழப்பு போன்ற பெரிய சிக்கல்கள் 100-ல் ஒன்று முதல் மூன்று பேர்வரை என்று பதிவாகியிருக்கிறது. அனுபவமுள்ள கைகளில் இது குறையும். பக்கவாதம் துகளால் மட்டுமே வருவதில்லை. முதியவரின் மகாதமனியிலும் கழுத்துத் தமனியிலும் படிந்திருக்கும் கொழுப்புப் படிவத்தைக் கதீட்டர் உரசி உதிர்த்தாலும் வரும். ஸ்டென்ட் வைத்த 64 வயதுக்காரருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கழுத்துத் தமனிகளை முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

ஆபரேஷனா இதுவா என்ற கேள்விக்கு என் சாய்வையும் மீறி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு ஸ்பீனோபாலடைன் தமனியைக் கிளிப் போட்டோ சுட்டோ மூடும் அறுவை சிகிச்சை, திறமையான இ.என்.டி. மருத்துவர் இருந்தால், எம்போலைசேஷனுக்குச் சளைத்ததல்ல. பலனும் ஏறக்குறைய அதே அளவு. கழுத்துக் குழாய்களுக்குள் எதுவும் போவதில்லை என்பதால் கதீட்டரால் வரும் பக்கவாத ஆபத்து அதில் இல்லை. அண்ணத்தில் மரத்துப்போதல், கண் உலர்தல், மூக்கில் பொருக்குப் படிதல் போன்றவை வரலாம். பொதுவாக முழு மயக்கம் தேவைப்படும். உங்கள் அப்பாவின் இதயம் மயக்கத்தைத் தாங்காது என்று மயக்க மருத்துவர் சொன்னாலோ, மூக்கின் உள்ளே ரத்தத்தில் எதுவும் தெரியாத நிலை என்றாலோ, அந்த ஆபரேஷன் செய்தும் நிற்கவில்லை என்றாலோ எம்போலைசேஷன் முன்னுக்கு வரும். மாறாக, ரத்தம் மூக்கின் கூரையிலிருந்து, எத்மாய்டு பகுதியிலிருந்து வருகிறது என்றால் எம்போலைசேஷனால் பெரிய பயன் இருக்காது. கண்ணின் உள்மூலைக்குப் பக்கத்தில் சிறு கீறல் போட்டு அந்தத் தமனியைக் கட்டுவதுதான் வழி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சரியாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு இல்லாததால், எந்த மருத்துவமனையில் எது நன்றாகச் செய்யப்படுகிறதோ அதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. அதில் தவறும் இல்லை.

இப்போது மாத்திரை. தயவுசெய்து வீட்டில் யாரும் முடிவெடுத்து ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நிறுத்தாதீர்கள். இன்று நிறுத்தினால் இன்றிரவு ரத்தம் நிற்கப்போவதில்லை. மாத்திரையால் ஏற்கனவே செயலிழந்த தட்டணுக்களின் (ரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணுக்கள்) இடத்தில் புதியவை வந்துசேர கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். ஆனால் ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால், நிறுத்துவதால் ஸ்டென்ட் உறைந்து அடைபடும் ஆபத்து உண்மையானது. ஸ்டென்ட் எந்த மாதம் வைத்தது, என்ன வகை என்பதை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதய மருத்துவர், இ.என்.டி. மருத்துவர், எம்போலைசேஷன் செய்பவர் மூவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டே எம்போலைசேஷன் செய்ய முடியும்.

ரத்த அழுத்தத்தால்தான் மூக்கு உடைந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் பாதிதான் நம்புங்கள். அழுத்தம் அதிகமாக இருப்பவருக்கு ரத்தத்தை நிறுத்துவது கடினம் என்பது அனுபவத்தில் உண்மை. ஆனால் அதுதான் காரணம் என்பது இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை. ரத்தத்தைப் பார்த்த பதற்றத்திலேயே அழுத்தம் எகிறும். ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன; 2021-ல் வெளியான பிரிட்டனின் நோபேக் ஆய்வில், அதை வைத்தவர்களுக்கும் வெறும் தண்ணீர் போன்ற திரவத்தை வைத்தவர்களுக்கும் பேக் தேவைப்பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள்: இந்த ரத்தம் இப்போதுதான் முதல் முறையா, இளம் வயதிலிருந்தே வருகிறதா? அவருக்கோ அவர் உடன்பிறந்தவர்களுக்கோ அவர் அம்மா அப்பாவுக்கோ அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்ததுண்டா? உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? இருந்தால் ஆஸ்லர்-வெபர்-ரெண்டு (Osler-Weber-Rendu) என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். 5,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது வழக்கமான மதிப்பீடு. அதில் எம்போலைசேஷன் சில மாதம் தாக்குப்பிடிக்கும், பிறகு புதிய குழாய்கள் உருவாகி மறுபடி தொடங்கும்; நுரையீரலிலும் மூளையிலும் குழாய்க் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அதேபோல, சில வாரங்களுக்கு முன் தலையில் பலமாக அடிபட்டிருந்தாலோ, முன்பு அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருந்தாலோ அதை மறைக்கவோ மறக்கவோ கூடாது. அப்போது உடைந்திருப்பது மூளைக்குப் போகும் குழாயாகவே இருக்கலாம். அதற்குச் செய்யும் சிகிச்சை முற்றிலும் வேறு. ஒரு பக்க மூக்கு மட்டும் நெடுநாளாக அடைத்திருந்தால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கலாம்: எந்தத் தமனியை அடைக்கப்போகிறீர்கள், ஒரு பக்கமா இரண்டா? மைக்ரோகதீட்டர் பயன்படுத்துகிறீர்களா? கண்ணுக்கு இணைப்பு தெரிந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? எண்டோஸ்கோப் ஆபரேஷன் இங்கே செய்ய முடியுமா, முடியாவிட்டால் ஏன்? கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை, முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்ததா என்ற விவரம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பது ஆகிய மூன்றும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு பேக்கை அங்கேயே மேஜையிலோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மூக்கைச் சீந்தக் கூடாது, விரல் விடக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புநீர் ஸ்பிரேயும் களிம்பும் உள்ளே ஈரம் காக்கும். தாடை வலிக்குப் பாராசிட்டமால் போதும். பார்வை மங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் பலமிழந்தாலோ, தொடை வீங்கிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் ரத்தம் கலந்த சளி சில நாள் வரும், அதற்குப் பதற வேண்டாம். தொண்டையில் இறங்கி விழுங்கிக்கொண்டே இருந்தால் மட்டும், வெளியே ஒரு சொட்டுத் தெரியாவிட்டாலும், மறுபடி ரத்தம் வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.